குக்கரில் வெந்த கீஷ்

பிரான்சின் லொரேன் பகுதியோடு பெயர் பிணைந்த கீஷ், வெண்ணெய் சேர்த்துப் பிசைந்த மாவுத் தட்டில் முட்டை, பால், கிரீம் கலவையை ஊற்றி ஓவனில் சுடும் பண்டம். மாவு மொறுமொறுப்பாவதற்கு உலர்ந்த வெப்பம் தேவை. ஆவியில் அது சொதசொதத்துவிடும். ஆகவே குக்கரில் செய்வதென்றால் மாவுத் தட்டை விட்டுவிடுவதே முறை. எனக்கு அதில் வருத்தமில்லை, மாவு பிசைவது என்றுமே எனக்குக் கைவந்ததில்லை.

முதன்முறை வெயிட் போட்டு வேகவைத்தேன். கிடைத்தது ஓட்டை விழுந்த, நீர் கசியும் பஞ்சு. காரணம் எளிது: முட்டைக் கலவை ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸிலேயே இறுகிவிடுகிறது, முழு அழுத்தத்திலோ குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரியை எட்டுகிறது. எனவே இப்போது வெயிட்டை எடுத்துவிட்டு, சிறுதீயில் ஆவியில் மட்டும் வேகவைக்கிறேன்.

4 முட்டை, 150 மில்லி பால், 50 மில்லி கிரீம், 60 கிராம் துருவிய சீஸ், உப்பு, மிளகு. காளானையோ கீரையையோ ஈரம் வற்றும்வரை வதக்கிச் சேர்க்க வேண்டும்; இதில் சோம்பினால் அடியில் தண்ணீர் தேங்கும். முட்டையை நுரை பொங்க அடிக்கவும் கூடாது. வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி, ஆவிநீர் சொட்டாதபடி அலுமினியத் தாளால் இறுக மூடி, கொதிக்கும் நீருக்கு மேல் தாங்கியில் வைத்தால் 25 முதல் 30 நிமிடத்தில் ஓரம் இறுகி, நடுப்பகுதி மட்டும் இலேசாக அசையும். அப்போதே இறக்கிவிட்டால், மீதியைப் பாத்திரத்தின் சூடே பார்த்துக்கொள்ளும். பத்து நிமிடம் ஆறிய பிறகே வெட்டுங்கள்.