ஹீட் சிங்க் சூடாகவே இல்லை, டிரான்சிஸ்டர் போய்விட்டது

பிட்எக்ஸ் என்பது நாமே கட்டிக்கொள்ளும் ஹாம் ரேடியோ செட், என்னுடையதில் 5 வாட்தான் வரும். அதன் பின்னால் வைக்க 40 மீட்டர் அலைவரிசைக்கு ஒரு 40 வாட் ஆம்ப்ளிஃபயர் கட்டினேன். இரண்டு ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர்கள், மாறி மாறி வேலை செய்யும் புஷ்-புல் அமைப்பு, 24 வோல்ட் சப்ளை. ஐஆர்எஃப்510 ரேடியோவுக்காக வந்த மாஸ்ஃபெட் இல்லை, ஸ்விட்சிங் வேலைக்கு வந்தது. ஆனால் மலிவு, சென்னை ரிட்சி தெருவில் கிடைக்கும், பிட்எக்ஸை வடிவமைத்த ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான் அதிலேயே இதைப் போட்டிருப்பதால் கையில் நாலைந்து எப்போதும் இருக்கும்.

ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் டம்மி லோடில் குரல் போட்டுப் பார்த்தபோது அருமையாக இருந்தது. அப்புறம் கம்ப்யூட்டர் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்டி8 முறையைப் போட்டேன். அதில் ஒவ்வொரு முறையும் 12.6 நொடி முழு கேரியர், மூச்சு விட இடமே கிடையாது. நாலாவது முறையில் கரண்ட் ஏறிக்கொண்டே போய், பவர் மீட்டர் முள் பொத்தென்று விழுந்தது. பதறிப்போய், டிரான்சிஸ்டர் சூட்டை இழுத்து வெளியே விடும் ஹீட் சிங்க்கைத் தொட்டால் வெதுவெதுப்பு மட்டும்தான். சூடே இல்லையே, பிறகு எப்படிப் போனது என்று ஒரு நாள் முழுக்க பயாஸையும் (டிரான்சிஸ்டரின் கேட் முனைக்குக் கொடுக்கும் நிலையான வோல்ட்டேஜ்) டிரான்ஸ்ஃபார்மரையும் நோண்டிக்கொண்டிருந்தேன். ஹீட் சிங்க் சூடாகாததுதான் கோளாறு என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

கணக்குப் போட்டால் உடனே தெரிந்திருக்கும். 40 வாட் வெளியே போகிறது என்றால் கிட்டத்தட்ட அதே அளவு சூடாகிறது, ஆளுக்கு 20 வாட். டேட்டாஷீட்படி உள்ளே இருக்கும் சில்லுக்கும் முதுகுத் தகட்டுக்கும் நடுவில் வாட்டுக்கு 3.5 டிகிரி, அதிலேயே 70 டிகிரி போய்விடும், அதில் நாம் செய்ய ஒன்றும் இல்லை. சென்னை மே மாதத்தில் என் மொட்டை மாடி அறை 38. ஆக 108 ஆகிவிட்டது, சில்லு தாங்கும் உச்சம் 175. ஃபேன் இல்லாத என் ஹீட் சிங்க் வாட்டுக்கு ஏறக்குறைய 1 டிகிரி, இரண்டுக்கும் சேர்த்து 40. மிச்சம் 27 டிகிரிதான், அவ்வளவுக்குள் மைக்கா (டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே வைக்கும், கரண்ட் கடத்தாத மெல்லிய வில்லை) வேலையை முடித்தாக வேண்டும்.

கழற்றிப் பார்த்தேன். துளை போட்ட இடத்தில் அலுமினியம் விளிம்பு லேசாகப் பிசிறு தட்டி மேலே நின்றிருந்தது. அந்தப் பிசிறு மைக்காவைத் தூக்கிப் பிடித்திருக்கிறது, அடியில் இருந்த காற்று இடைவெளியை நான் தெர்மல் பேஸ்ட்டை அப்பி மூடியிருக்கிறேன். சூடு ஹீட் சிங்க்குக்குப் போய்ச் சேரவே இல்லை. பெரிய துளையிடும் பிட்டைக் கையால் நாலு சுற்று சுற்றிப் பிசிறை எடுத்து, நுண்ணிய உப்புத்தாளை கண்ணாடி மேல் விரித்து அதில் தேய்த்து, பேஸ்ட்டை மைக்கா வழியே உலோகம் தெரியும் அளவுக்கு மெல்லிசாகத் தடவினேன். மைக்காவும் ஃபைபர் வாஷரும் இல்லாமல் முடுக்கிவிடாதீர்கள், இதன் தகடு டிரெயின், அதாவது 24 வோல்ட் வரும் முனை, ஹீட் சிங்க்கோடு நேராக ஷார்ட் ஆகிவிடும். ரேடியோவுக்கென்றே வந்த ஆர்டி16எச்எச்எஃப்1 டிரான்சிஸ்டர் வாங்க முடிந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதில் தகடு சோர்ஸ், அதாவது கிரவுண்டோடு சேரும் முனை, நேரே திருகலாம், விலைதான் அதிகம்.

ஃபேன் ஒன்றும் போட்டேன், 80 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன், இறக்கைகளுக்கு நடுவே நேராக ஊதும்படி. இதனால் ஹீட் சிங்க் பங்கு 40-லிருந்து 16 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. ஆனால் ஒன்று, ஹீட் சிங்க் பெரியது என்பதால் அது பல நிமிடச் சராசரியைத்தான் காட்டும், சில்லோ அந்த 12 நொடிக்குள்ளேயே முழுச் சூட்டையும் பார்த்துவிடும். அதனால் ஃபேனை நம்பி மைக்காவில் அலட்சியம் காட்டக் கூடாது.

பயாஸ் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். மாஸ்ஃபெட் சூடாக ஆக அதே கேட் வோல்ட்டேஜுக்கு ஐடில் கரண்ட் (சிக்னல் இல்லாதபோதும் ஓடுவது) கூடும், கரண்ட் கூடினால் இன்னும் சூடாகும். முதல் ஜோடி அப்படித்தான் போயிருக்க வேண்டும். இப்போது பயாஸ் லைனில் ஒரு 1என்4148 டையோடைப் போட்டு டிரான்சிஸ்டர் மேலேயே ஒட்டிவிட்டேன், சூடானதும் டையோடு வோல்ட்டேஜ் இறங்கி பயாஸையும் கூடவே இறக்கிவிடுகிறது. டிரான்சிஸ்டர் ஒன்றுக்கு 100 மில்லிஆம்பில் வைத்தது அரை மணி நேரம் கழித்தும் 115-ஐத் தாண்டவில்லை.

அளக்கும்போது தகட்டில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டுங்கள், பளபளப்பான உலோகத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் குறைத்துத்தான் காட்டும். நேற்று பத்து நிமிடம் எஃப்டி8 ஓடிய பிறகு எனக்குத் தகடு 68, ஹீட் சிங்க் 51. கையை வைத்தால் சுருக்கென்று சுடுகிறது, எனக்கு இப்போது அதுதான் நிம்மதி.