12 வினாடிகளும் ஒரு பாட்டில் மூடியும்

சாலை வடிவமைப்புப் பொறியாளராக நான் வேலைக்குச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு தொடக்கப் பள்ளியின் வாசலில் ஜீப்ரா கிராசிங் வேண்டும் என்று பெற்றோர் கொடுத்த மனு என் மேசைக்கு வந்தது. நடுத்திட்டு இல்லாத நான்கு வழிச் சாலை அது. கேட்டதைத் தாமதமின்றிச் செய்து கொடுப்பதே நல்ல பணி என்று நம்பியிருந்த நான், சில நாள்களிலேயே இடத்தை அளந்து, வெள்ளைப் பட்டைகளை அடித்து, இருபுறமும் எச்சரிக்கைப் பலகை நட்டுக் கோப்பை முடித்துவிட்டேன். 14 மீட்டர் அகலத்தை, வினாடிக்கு 1.2 மீட்டர் என்று வழக்கமாகக் கொள்ளப்படும் நடைவேகத்தால் வகுத்து, கடப்பதற்குச் சுமார் 12 வினாடி ஆகும் என்றும் அதில் எழுதியிருந்தேன்.

சில மாதங்கள் கழித்து அந்தப் பட்டைகளின் மேலேயே ஒரு சிறுவன் மீது கார் மோதியது. கால் எலும்பு முறிந்து, நெடுநாள் கழித்தே அவன் பள்ளிக்குத் திரும்பினான். விபத்துக்கு மறுநாள் காலை நான் அங்கே போய், பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவும் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தையே என்னைத் திடுக்கிட வைத்தது: "சார், வண்டி நிக்கலேன்னா பிள்ளைங்க ஓரமாவே நின்னுக்கும். முதல் வண்டி நின்னாத்தான் எனக்குப் பயம்."

அவர் சொன்னது முற்றிலும் உண்மை என்பது அரை மணி நேரத்தில் விளங்கியது. ஓரத் தடத்தில் வரும் வேன் மரியாதையாக நிற்கிறது. அதை நம்பிப் பிள்ளை இறங்குகிறது. அந்த வேனின் உயரமே பிள்ளையை மறைத்துவிடுவதால், அடுத்த தடத்தில் வருபவர் வேன் ஏதோ காரணத்துக்காக நின்றிருக்கிறது என்று எண்ணி வேகத்தைக் குறைக்காமல் கடந்து போகிறார். முந்தைய நாள் விபத்தும் இப்படித்தான் நடந்திருந்தது. அமெரிக்காவில் 30 நகரங்களில், பட்டை அடித்த 1,000 இடங்களையும் அடிக்காத 1,000 இடங்களையும் ஒப்பிட்டு 2005-இல் வெளியான ஆய்வறிக்கையை நான் பின்னாளில் படித்தேன். நாளொன்றுக்கு 12,000-க்கு மேல் வாகனங்கள் செல்லும் பல தடச் சாலைகளில், வேறு எந்த ஏற்பாடும் இல்லாமல் பட்டை மட்டும் அடித்த இடங்களில், பட்டையே இல்லாத இடங்களைவிட மிகுதியான விபத்துகள் நடந்திருந்ததாக அது காட்டியது. நான் அடித்துக் கொடுத்தது அந்த மாதிரியான பட்டைதான்.

அன்று காலையே இன்னொன்றையும் பார்த்தேன். ஏழு வயதிருக்கும் ஒரு சிறுமி சாலையின் நடுப்பகுதியை எட்டியபோது அவள் தண்ணீர் பாட்டிலின் மூடி கழன்று உருண்டது. அவள் சற்றும் தயங்காமல் திரும்பிப் போய்க் குனிந்தாள். அந்த அம்மா கையிலிருந்த பலகையை உயர்த்திக்கொண்டு ஓடினார். ஒரு கார் டயர் தேய நின்றது. மூடியைத் துடைத்து, பாட்டிலில் திருகி, சரியாக மூடியிருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் மீண்டும் நடந்தாள். என் 12 வினாடிக் கணக்கில் அந்த மூடிக்கு இடமே இல்லை.

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, பிள்ளைகளுக்குச் சாலை விதிகளைச் சரியாகச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்றார் மூத்தவர் ஒருவர். சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் 12 வினாடியில் ஏறத்தாழ 167 மீட்டர் கடந்துவிடும். அத்தனை தொலைவில் புள்ளியாகத் தெரியும் ஒரு வண்டியின் வேகத்தை, அதுவும் இரண்டு திசைகளிலும் ஒரே நேரத்தில் கணித்துவிட்டு இறங்க வேண்டும் என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. வரும் வண்டியின் வேகத்தையும் தொலைவையும் சேர்த்து எடைபோடும் திறன் அந்த வயதில் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. எத்தனை வகுப்பு எடுத்தாலும் அந்த வளர்ச்சியை முன்கூட்டியே வரவழைக்க முடியாது.

ஆகவே அந்தக் கணக்கையே மாற்றினோம். தடம் ஒவ்வொன்றையும் 3.5 மீட்டரிலிருந்து 3 மீட்டராகக் குறுக்கியதில் மிச்சமான 2 மீட்டரில் நடுத்திட்டு அமைத்தோம். பிள்ளை இப்போது ஒரு நேரத்தில் 6 மீட்டர் கடந்தால் போதும். அதற்கு 5 வினாடி. பள்ளி எல்லையில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறைத்து, வண்டி தானாகவே மெதுவாக வரும்படி கிராசிங்கை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திக் கட்டினோம். அந்த வேகத்தில் 5 வினாடியில் வண்டி கடப்பது 42 மீட்டர்தான். அதுவும் ஒரு பக்கம் பார்த்தால் போதும். ஓட்டுநர் சுதாரிக்க ஒரு வினாடி எடுத்துக்கொண்டால், உலர்ந்த சாலையில் 50-இல் வரும் கார் முழுதாக நிற்க ஏறத்தாழ 28 மீட்டர் தேவை. 30-இல் வந்தால் 13 மீட்டர் போதும். பாதசாரிகளும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30-ஐ உச்ச வேகமாக வைக்கும்படி 2020 பிப்ரவரியில் சாலைப் பாதுகாப்புக்கான உலக அமைச்சர்கள் மாநாடு வெளியிட்ட ஸ்டாக்ஹோம் பிரகடனம் கேட்டுக்கொண்டதும் எங்கள் திட்டத்துக்குத் துணையாக நின்றது. வாகனங்கள் நிற்க வேண்டிய கோட்டைப் பட்டைக்கு 10 மீட்டர் முன்னதாகவே போட்டதால், முதல் வண்டி நின்றாலும் அடுத்த தடத்துக்காரருக்குப் பிள்ளை கண்ணில் படுகிறது.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது, பட்டையை ஒட்டி வண்டி நிறுத்துவதைத் தடுப்பதுதான். மனுவில் கையெழுத்திட்ட பெற்றோரில் பலரே தங்கள் பிள்ளையை வாசலில் இறக்கிவிட அங்கே நிறுத்தினார்கள். அவர்களில் சிலரைப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பார்க்கச் சொன்னேன். நின்றிருந்த கார்களின் கதவுகளைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை என்றார்கள். அதற்குப் பிறகே இரும்புக் கம்பங்கள் நட அவர்கள் சம்மதித்தார்கள்.

கடைசியாகப் போனபோது, ஒரு பையன் நடுத்திட்டில் உட்கார்ந்து அவிழ்ந்திருந்த காலணிக் கயிற்றை நிதானமாகக் கட்டிக்கொண்டிருந்தான். அந்த அம்மா அவனை அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "பின்பக்க வாசல் எப்போ சார்?" என்று கேட்டார். அன்று அங்கேயும் நான் பட்டை அடித்திருந்தேன். இன்னும் அது மட்டும்தான் இருக்கிறது. அதற்கான கோப்பு இப்போது என் மேசையில் இருக்கிறது.