சட்டம் போட்ட நாற்காலி

3 ஜூன் 2024
முதுகலைத் தத்துவத் தேர்வுகள் முடிந்துவிட்டன. மருத்துவ ஆய்வுகளின் அறநெறியை ஆராய்வதையே தொழிலாகக் கொள்ளப்போகிறேன் என்றதும் அப்பா மறுக்கவில்லை, “அதற்கு யாரப்பா சம்பளம் தருவார்கள்?” என்று மட்டும் கேட்டார்.

11 ஜூன்
கன்னிமாரா நூலகத்தில் அமர்ந்து, புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகளுக்கான 2019ஆம் ஆண்டு விதிகளைப் படித்தேன். மனிதர்களிடம் மருந்தைச் சோதிக்க ஒப்புதல் அளிக்கும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப்பேராவது குழுவை அமைத்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். சமூக அறிவியலாளருக்கு உரிய இடத்தில் தத்துவம் பயின்றவரையும் அமர்த்தலாம். ஆக, எங்களுக்குச் சட்டம் நாற்காலி போட்டிருக்கிறது, சம்பளம்தான் போடவில்லை.

18 ஜூன்
சிறுநீரக விற்பனையைத் தடுப்பது ஏழையின் உரிமையில் தலையிடுவதாகாதா என்று வகுப்பில் நாங்கள் வாதிடாத நாள் குறைவு. விற்றவர் கடனிலிருந்து மீள்வார் என்பதை இரு தரப்பினருமே கேள்வியின்றி ஏற்றுக்கொண்டுதான் பேசினோம். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் விசாரித்து, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2002இல் வெளியான ஆய்வை இன்று முழுமையாகப் படித்தேன். அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருக்கிறார்கள். அப்படி விற்றவர்களில் 74 விழுக்காட்டினர் விசாரணையின்போதும் கடனாளிகளாகவே இருந்தார்கள். குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பிறருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றவர்கள் 79 விழுக்காட்டினர். விற்பனையை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னரும் நிலைமை இதுவாகத்தான் இருந்தது. உரிமை பற்றிய கேள்வியை இந்த எண்கள் தீர்த்துவிடவில்லை. ஆனால், அந்த வாதம் எதன்மேல் நின்றதோ அதை உருவிவிட்டன. வீடு வீடாகச் சென்று கேட்டறியும் திறமை இல்லாமல் இத்துறைக்குள் நுழைவதில் பொருளில்லை என்றே நினைக்கிறேன்.

26 ஜூன்
இத்துறையில் நெடுநாள் பணியாற்றிய அம்மையார் ஒருவரைச் சந்தித்தேன். அவர் சமூகப்பணி படித்து வந்தவர். “முதலில் புள்ளியியல் கற்றுக்கொள்ளுங்கள், தம்பி; வேலைக்கான விளம்பரத்தில் அறநெறி என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்” என்றார். சரிதான்.

5 ஜூலை
ஆய்வுத் திட்டத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் பெற வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள். மருந்துப் பரிசோதனையில் சேரத் தமிழ் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட நோயாளிகளிடம், தமக்கு எந்த மருந்து கிடைக்கும் என்பதை முடிவுசெய்வது யார் என்று கேட்கப்போகிறேன். யாருக்கு எந்த மருந்து என்று குலுக்கல் முறையில் பிரிக்கப்படுகிறோம் என்பதை அறியாமல், தமக்கு ஏற்றதை மருத்துவரே தேர்ந்து தருவதாக அவர்கள் நம்பினால், படிவத்தைத் திருத்துவது போதுமா, புறநோயாளிப் பிரிவின் அவசரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கத்தையே மாற்ற வேண்டுமா என்பதை அடுத்த கட்டத்தில் ஆராய வேண்டியிருக்கும்.