முள் காட்டும் நிமிடங்கள்

ஆம்புலன்ஸில் இருக்கும் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை பி டைப் என்போம். அதற்கு ஒரு கணக்கு உண்டு. அதன் கொள்ளளவு 10 லிட்டர். முழுதாக நிரப்பினால் அழுத்தம் காட்டும் கேஜில் முள் 150-இல் நிற்கும். அப்படியென்றால் உள்ளே 1,500 லிட்டர் ஆக்சிஜன். நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் வைத்தால், முள் காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்கி, பத்தால் வகுக்க வேண்டும். இரண்டும் அடிபட்டுப் போய்விடும். முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் கையிலிருக்கும் நிமிடம்.

பயிற்சியில் இதைப் பரீட்சைக்காகப் படித்தேன். அப்புறம் நான்கு வருடம் அதற்கு வேலையே வரவில்லை. 108-இல் எங்கள் வேலை ஓடுவது. விபத்தோ, பிரசவமோ, நெஞ்சு வலியோ, ஏற்றினோம், ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தோம், அடுத்த கேஸுக்குக் கிளம்பினோம். சிலிண்டர் தீரும் வரை யாரும் வண்டியில் இருந்ததில்லை.

2021 மே மாதம் அந்த வேலையே தலைகீழானது. ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம். மே 21 அன்று தமிழ்நாட்டில் மட்டும் 36,184 பேருக்குக் கொரோனா தொற்று என்று செய்தியில் சொன்னார்கள். எங்களுக்கு அந்த எண் தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நமக்கு முன்னால் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணினாலே நிலவரம் தெரிந்துவிடும்.

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். அப்போது வடசென்னையில் ஒரு வண்டியில் மருத்துவ உதவியாளராக இருந்தேன். என் பைலட் அண்ணனுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. (பைலட் என்றால் டிரைவர்தான். 108-இல் அப்படித்தான் சொல்வோம். ஊரில் என் அப்பத்தா நான் விமானத்தில் வேலை பார்ப்பதாகவே கொஞ்ச நாள் நம்பியிருந்தார்.) கத்திரி வெயில். உடல் முழுக்க மூடிய பிபிஇ பாதுகாப்பு உடை. காலையில் போட்டால் கழற்ற நேரமிருக்காது என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். கையுறையைக் கழற்றினால் விரல்கள் துணி துவைத்து முடித்த கை மாதிரி வெளுத்துச் சுருங்கியிருக்கும். பிபிஇ போட்டால் எல்லோரும் ஒன்றுபோல இருக்கிறோம் என்று நெஞ்சில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வோம். வியர்வையில் அது ஊறிப்போய், மதியத்துக்குள் முதல் எழுத்து மட்டும் மிஞ்சும்.

அன்று எங்கள் ஷிஃப்ட் இரவு எட்டு மணிக்கு முடிந்திருக்க வேண்டும். ஏழு மணிக்கு வியாசர்பாடியில் ஒரு கேஸ். அறுபது வயதைத் தாண்டியவர், ஒல்லியான தேகம். மாடிப்படியில் அவரே இறங்கி வந்தார். பேசவும் செய்தார். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 76. அந்த மாதம் இப்படி நிறையப் பேரைப் பார்த்தோம். சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, அதாவது சாச்சுரேஷன், தரைதட்டியிருக்கும். மூச்சுத் திணறித் துடிப்பவரைக்கூடச் சமாளித்துவிடலாம். நன்றாகப் பேசுகிறவர்தான் எனக்குப் பயம்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலுக்குப் போய்ச் சேரும்போது எட்டு நாற்பது. எங்களுக்கு முன்னால் பதினோரு வண்டிகள். வண்டியின் பெரிய சிலிண்டர் முந்தைய கேஸிலேயே தீர்ந்திருந்தது. சின்ன பி டைப் சிலிண்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. முள் 115.

நான் வழக்கமாகக் கேஜின் மேல் ஒரு துண்டைப் போட்டுவிடுவேன். நோயாளி அதைப் பார்க்கத் தொடங்கினால் மனசு விட்டுவிடும். துண்டை எடுத்தபோது அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"மூடாத பாப்பா. நான் கேஸ் வெல்டிங் பட்டறைக்காரன். நாப்பது வருஷமா இந்த முள்ளத்தான் பாத்துகினு இருக்கேன்."

கூட வந்த மகள் தலையில் அடித்துக்கொண்டார். "அப்பா, சும்மா படேன்ப்பா."

பத்து நிமிடம் போயிருக்கும். மறுபடி கூப்பிட்டார். "எங்கியோ காத்து போவுது பாப்பா. கேக்கலயா?"

பக்கத்து வண்டிகளின் சத்தத்திலும் ஹூட் மூடிய காதுகளிலும் எனக்கு எதுவும் கேட்கவில்லை. முள்ளைப் பார்த்தேன். 105-இல் நிற்க வேண்டியது 100-இல் நின்றது. அவர் சொன்னது சரி. ரெகுலேட்டர் உட்காரும் இடத்தில் வாசர் தேய்ந்திருந்தது. அவசரமாக ஸ்பேனரை எடுத்தேன்.

"கையில இன்னா தடவின?"

"சானிடைசர், ஐயா."

"காயட்டும். ஆக்சிஜன் கிட்ட எண்ணெயும் ஆவாது, ஸ்பிரிட்டும் ஆவாது. பத்திக்கும். அப்பால வால்வ மூடிட்டுத் திருகு. தெறந்து வெச்சுகினு திருகாத. பத்து இருபது செகண்டு நான் தாங்குவேன்."

எண்பது சொச்சம் சாச்சுரேஷனில் படுத்திருக்கிற மனிதர் எனக்குப் பாடம் எடுக்கிறார். கையை விசிறிக் காயவைத்து, மூடி, இறுக்கி, திறந்தேன். மாஸ்க்கின் அடியில் தொங்கும் பை மறுபடி உப்பியது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

சாச்சுரேஷன் 84-ஐத் தாண்டவில்லை. குப்புறப் படுக்கச் சொன்னேன். முதுகுப் பக்க நுரையீரலுக்குக் காற்று நன்றாகப் போகும். அந்த நாட்களில் மருந்தைவிட இதைத்தான் அதிகம் நம்பினோம். அவர் மாட்டேன் என்றார்.

"குப்புறப் படுத்தா முள்ளு தெரியாதே."

கடைசியில் ஓர் ஒப்பந்தம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முள்ளை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். படுத்தார். ஸ்ட்ரெச்சரின் அகலத்துக்கு அது லேசான காரியமில்லை. ஒரு கை வெளியே தொங்கியது. மகள் அதைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்பது பத்துக்கு "எண்பது" என்றேன். அப்புறம் "எழுபத்தஞ்சு". முன்னால் நான்கு வண்டிகள்தான் நகர்ந்திருந்தன. பைலட் அண்ணன் பின்னால் வந்த வண்டிகளில் உபரி சிலிண்டர் கேட்கப் போயிருந்தார். ஒன்பது இருபத்தைந்துக்கு முள் 65. எனக்கு என்ன தோன்றியதோ, "எழுபது ஐயா" என்றேன்.

சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு மாஸ்க்குக்குள்ளிருந்து, "மணி இன்னா?"

மகள் மணி சொன்னார்.

"அப்ப அறுபத்தஞ்சு இல்ல இருக்கணும்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கண்ணாடி ஏற்கெனவே புகைந்திருந்தது. "அறுபத்தஞ்சுதான் ஐயா" என்றேன். "ம்" என்றார். அதற்குப் பிறகு நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அவரும் மணி கேட்கவில்லை.

ஒன்பது ஐம்பதுக்கு உள்ளேயிருந்து படுக்கை கிடைத்ததாகச் சொன்னார்கள். முள் 40. சாச்சுரேஷன் 91. பைலட் அண்ணன் யாரிடமோ கெஞ்சி வாங்கிய அரை சிலிண்டரோடு அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அதைப் பின்னால் நின்ற வண்டிக்குக் கொடுத்தோம். ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது ஐயா என் பக்கம் திரும்பி, "அந்த வாசர மாத்திடு" என்றார். என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

எங்கள் பதிவுத் தாளுக்கு பி.சி.ஆர். என்று பெயர். மகளிடம் "பி.சி.ஆரில் ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றேன். "டெஸ்ட் நேத்தே எடுத்தாச்சு மேடம்" என்றார். கொரோனா டெஸ்டுக்கும் அதே பெயர்தானே. அந்த மாதம் எல்லோரும் இப்படித்தான் குழம்பினார்கள். விளக்க எனக்குத் தெம்பில்லை. கையெழுத்து போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

பிறகு ஆஸ்பத்திரி வாசல்களிலேயே நோயாளிகளைப் பார்த்து ஆக்சிஜன் கொடுக்க ஏற்பாடு வந்தது. லேசான தொற்று உள்ளவர்களுக்காக மாநகராட்சி 250 கார்களை ஆம்புலன்ஸாக ஓடவிட்டது. ஜூன் பிறந்ததும் வரிசை தேய்ந்து, மறுபடி ஓடத் தொடங்கினோம். ஒப்படைத்த நோயாளி என்ன ஆனார் என்று எங்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. தெரிந்துகொள்ள முயலாமல் இருப்பதும் வேலையில் பழகிக்கொள்கிற ஒன்று என்று மூத்தவர்கள் சொல்வார்கள். நான் அதில் கொஞ்சம் மோசம்தான்.

வாசரை மறுநாள் காலையே மாற்றிவிட்டோம். ஊரடங்கு தளர்ந்து பட்டறைகள் திறந்த பிறகு, காலி வண்டியோடு வியாசர்பாடிப் பக்கம் போகும்போதெல்லாம் பைலட் அண்ணன் வேகத்தைக் குறைப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அந்த ஐயாவின் முழு முகத்தை நாங்களும் பார்த்ததில்லை, அவரும் எங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. நான் ஜன்னலை இறக்கிவிட்டு, யாராவது "இன்னா பாப்பா" என்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.