பாழடைந்த பக்கத்து வீட்டை இடிக்க வைத்த அனுபவம்

எங்கள் வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்திருந்த பக்கத்து வீடு பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, கூரை உள்வாங்கி, மழைநீர் எங்கள் பக்கமும் கசியத் தொடங்கியதால் நகர நிர்வாகத்திடம் புகார் கொடுத்தேன். ஆய்வாளர் வந்து பார்த்து, குடியிருக்கத் தகுதியற்றது என்று அறிக்கை எழுதியது விரைவாகவே முடிந்தது. ஆனால் அது தனியார் சொத்து என்பதால், உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பி, பழுதுபார்க்கவோ தாமே இடிக்கவோ அவகாசம் தந்து, அவர் தரப்பைக் கேட்ட பிறகே நிர்வாகம் அதில் கைவைக்க முடியும்.

உரிமையாளரோ காலமாகியிருந்தார். பத்திரம் அவர் பெயரிலேயே இருக்க, வாரிசுகள் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள்; அடமானம் வைத்திருந்த வங்கிக்கும் அறிவிப்பு போக வேண்டியிருந்தது. தாமதத்தின் பெரும்பகுதி இங்கேதான் ஏற்பட்டது. ஒருவருக்கு அறிவிப்பு விட்டுப்போனாலும் பின்னர் வழக்கில் மாட்டிக்கொள்ள நேரும் என்பதால், இந்த நிதானத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆணை பிறந்த பின்னும் வரிசை உண்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2014-இல் எடுத்த கணக்கெடுப்பில், இடிக்க வேண்டியவை என்று 40,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அடையாளம் காணப்பட்டன; சிறிய நகரங்களிலும் பணத்தைவிடப் பட்டியல்தான் நீளம். சுவர் விரிசல் அகன்று வந்ததைத் தேதியிட்ட படங்களாகக் கொடுத்ததால் எங்கள் கோப்பு சற்று முன்னே நகர்ந்தது.

இடிப்பதற்கு முன் மின்சாரம், எரிவாயு, குடிநீர் இணைப்புகளைத் தெருவிலேயே துண்டித்துச் சான்று பெற்றார்கள். பழைய குழாய்களைச் சுற்றியிருந்த உறையில், தூசாகப் பறந்தால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருந்ததால், உரிமம் பெற்ற பணியாளர்கள் அதை ஈரப்படுத்திப் பிரித்து, தடித்த பைகளில் அடைத்து எடுத்துச் சென்றார்கள்.

பொதுச்சுவர் இருப்பவர்கள், இடிப்பவரோடு நிர்வாகம் போடும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே விழித்துக்கொள்வது நல்லது. அதில் பெரும்பாலும் 'இடித்து அகற்றுதல்' என்றுதான் இருக்கும். வெளியே தெரியப்போகும் சுவரைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. சுவரை ஒட்டிய பகுதியைக் கையாலேயே இடிக்க வேண்டும், சுவருக்குள் ஏறியிருக்கும் மர விட்டங்களைப் பிடுங்காமல் அறுக்க வேண்டும், அந்தப் பொந்துகளைச் செங்கல் வைத்து அடைத்து, நீர் இறங்காதபடி பூச வேண்டும் என்று எழுத்தில் கேட்டுச் சேர்க்க வைத்தேன். இயந்திரத்தால் விட்டத்தை இழுத்திருந்தால் எங்கள் பக்கத்துச் செங்கல்லும் கூடவே வந்திருக்கும். வேலைக்கு முன் எங்கள் அறைகளில் இருந்த விரிசல்களை ஒப்பந்ததாரர் முன்னிலையில் படமெடுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

இயந்திர வேலை, தூசு அடங்கத் தண்ணீர் பீய்ச்சியபடி, சட்டென முடிந்தது. பழைய அடித்தளத்தை உள்ளேயே புதைத்து மூடினால் பின்னால் தரை அமிழும். ஆகவே அதைத் தோண்டியெடுத்த குழி திறந்திருக்கும்போதே ஆய்வாளர் இறங்கிப் பார்த்தார், அதன் பிறகே சுத்தமான மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்கினார்கள். தரைச் சரிவு எங்கள் சுவரை நோக்கி இருந்ததைச் சுட்டிக்காட்டியதும் மாற்றிக் கொடுத்தார்கள். இடிப்புச் செலவு அந்த மனையின் மீதே பாக்கியாக ஏற்றப்பட்டிருக்கிறது. அதைச் செலுத்தாமல் வாரிசுகளால் மனையை வில்லங்கமின்றி விற்க முடியாது.