பூஜ்யத்துலயே முடிஞ்ச பிரஷர் ரீடிங்

கேரளால பாலக்காடு மாவட்டத்துல, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு சின்ன ஹார்ட் கிளினிக்ல நான் நர்ஸ். ஆஸ்பத்திரி, கிளினிக்கோட தரத்தைப் பார்த்துக் குடுக்கிற என்ஏபிஹெச் சான்றிதழுக்குப் போடலாம்னு டாக்டர் சொன்னதும் ஃபைல் வேலை மொத்தமும் என் கைக்கு வந்துருச்சு. கோபாலபுரம், பொள்ளாச்சில இருந்தெல்லாம் இங்க வர்றாங்க, அதனால ஓபி சீட்டு பாதி தமிழ்லயும் பாதி மலையாளத்துலயும் கிடக்கும், அதைப் பிரிச்சு அடுக்கவே ரெண்டு வாரம் ஆச்சு.

எதை எதை எண்ணணும்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரு. பிரஷர் 140/90க்குக் கீழ இருக்கா, அட்டாக் வந்தவங்களுக்கு ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டினும் ஓடுதா, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்களுக்கு ரத்தம் உறையுற வேகத்தைச் சொல்ற ஐஎன்ஆர் டெஸ்ட்டை நேரத்துக்குப் பார்க்கிறமா, பீடி சிகரெட் பத்திக் கேட்டமா, நெஞ்சு வலின்னு வந்தா 10 நிமிஷத்துல ஈசிஜி எடுத்தமா. ஈசிஜி பேப்பரையும் ரிசப்ஷன் நோட்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா, சிலர் கிளினிக்குக்கு வர்றதுக்கு முன்னாடியே ஈசிஜி எடுத்த மாதிரி இருக்கு! மெஷின் கடிகாரம் அவ்வளவு பின்னாடி ஓடியிருக்கு, யாருமே கவனிக்கல.

அதை விட மனசுக்குக் கஷ்டமானது பிரஷர் நோட்டு. 120/80, 130/80, 140/90, பக்கம் பக்கமா எல்லாம் பூஜ்யத்துலயே முடியுது. பாதரச மெஷின்ல ரெண்டு ரெண்டாத்தான் கோடு, அப்ப 134, 138ன்னும் வந்திருக்கணும் இல்லையா, கூட்டத்துல அவசரமா பட்டையைக் கட்டி நாங்களே தோராயமா எழுதியிருக்கோம், அதுல என் கையெழுத்தும் இருந்துச்சு. இதை வச்சுத்தானே மாத்திரை கூட்டுறதும் குறைக்கிறதும். அன்னைல இருந்து 5 நிமிஷம் உக்கார வச்சு, கால் தரையில ஊனி, பேச்சுக் குடுக்காம எடுக்கிறோம். க்யூ நீளுதுன்னு சண்டைக்கு வர்றாங்க, வந்தாலும் அதை மட்டும் விடுறதில்ல.

கேரளால 63 ஆஸ்பத்திரில 2014ல இருந்து 2016 வரை 21,374 அட்டாக் பேஷண்ட்டுகளை வச்சு தரத்தைக் கூட்டுற ஒரு ஆராய்ச்சி நடந்துச்சாம். செக்லிஸ்ட், ரிப்போர்ட்னு எல்லாம் குடுத்துப் பார்த்தும் 30 நாளுக்குள்ள வர்ற மரணம், மறு அட்டாக் எல்லாம் சேர்த்து அடிச்சுச் சொல்ற அளவுக்குக் குறையலையாம். டாக்டர் இதைச் சொல்லிட்டு, "செக்லிஸ்ட் மட்டும் பத்தாது போல, அப்ப கிளினிக்குக்கே வராதவங்களை யார் எண்ணுறது சிஸ்டர்"னு கேட்டாரு. அதுவரைக்கும் வந்தவங்களை மட்டும் எண்ணித்தான் நல்ல கணக்கு காட்டிட்டு இருந்தோம், பேர் பதிஞ்ச எல்லாரையும் கீழ போட்டு வகுத்ததும் கணக்கு அப்படியே இறங்கிருச்சு.

வராதவங்களுக்கு நானே போன் போட்டேன். கோபாலபுரத்துப் பாட்டி ஒருத்தங்க, "மாத்திரை தீந்து ரெண்டு மாசமாச்சு கண்ணு, உடம்பு நல்லாத்தான இருக்குன்னு விட்டுட்டேன்"னாங்க. மறுநாள் காலி அட்டையைச் சேலை முந்தானைல முடிஞ்சு கொண்டு வந்தாங்க, பிரஷர் 186.

ஆய்வுக்கு வந்தவங்க சில குறை எழுதிக் குடுத்தாங்க, திருத்தி அனுப்பினோம், சான்றிதழும் வந்துச்சு. போன் போடுற அந்த நோட்டு இப்பவும் என் மேஜைலதான் இருக்கு, திங்கட்கிழமை காலைல முதல் வேலை அதுதான்.