நாலில் ஒன்றுதான் பிடித்தது

2024 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கனடாவில், ரொறன்ரோப் பக்கம் மார்க்கம் றோட்டால் வடக்கே ஏறி, அது ஹைவே 48 என்று பெயர் மாறுகிற பக்கத்தில் என்னை ஓரங்கட்டினார்கள். பிக்கப்புக்குப் பின்னால் பதினாறு அடி ட்ரெயிலர். அதில் புல்லு வெட்டுகிற பெரிய மெஷின் ஒன்று, ஒரு பலெற் இன்ரர்லொக் கல்லு, ரெண்டு வீல்பரோ, மண்வெட்டி, கூட்டுமாறு. ஸ்ரோவிலில் ஒரு வீட்டுக்காரரிடம் ஒன்பது மணிக்கு வாறன் என்று சொல்லியிருந்தேன். போய்ச் சேர்ந்தது அடுத்த நாள்.

மறித்ததற்குக் காரணம் ட்ரெயிலரின் இடது பக்கப் பிறேக் லைற் எரியாதது. ஒரு பல்ப் விசயம், சின்ன ரிக்கற்றோடு போய்விடும் என்று நினைத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினேன். ஒபிசர் நல்ல மனுசன், சத்தம் போடவில்லை. லைசென்ஸ், ஓனர்ஷிப், இன்சூரன்ஸ் கேட்டார், கொடுத்தேன். பிறகு சீ.வி.ஓ.ஆர். கேட்டார், அதாவது தொழிலுக்குப் பாரவாகனம் ஓட்டுகிறவர்கள் மாகாணத்திடம் எடுக்க வேண்டிய பதிவு. என்னிடம் இல்லை. இன்று காலை வாகனத்தைச் சுற்றிப் பார்த்து எழுதின அறிக்கை எங்கே என்றார். இல்லை. பிக்கப்பிலும் ட்ரெயிலரிலும் வருடாந்த இன்ஸ்பெக்சன் ஸ்ரிக்கர் எங்கே என்றார். அதுவும் இல்லை. அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் சூடேறியது. இது ஒரு எஃப்-150, ஊரில் ஒவ்வொரு மூன்றாவது வீட்டுவாசலிலும் நிற்கிற வாகனம், லொறிக்காரனிடம் கேட்கிறதை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் என்னை இறங்கச் சொன்னார். சாரதிக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கிற தகட்டைக் காட்டினார். ஆறு வருசம் அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன், ஒரு நாளும் வாசித்ததில்லை. வாகனமும் சுமையும் சேர்ந்து ஆகக்கூடினது 7,050 இறாத்தல், அதாவது 3,198 கிலோ. பிறகு ட்ரெயிலரைப் பிக்கப்போடு கொழுவுகிற முன் நாக்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், சேறு படிந்த தகட்டை விரலால் துடைத்தார். 7,000 இறாத்தல், 3,175 கிலோ. ரெண்டையும் கூட்டினால் 6,373. ஒன்ராறியோவில் கோடு போட்டிருப்பது 4,500 கிலோவில்.

எனக்குத் தெரியாமல் போன விசயம் இதுதான். பிக்கப் தனியே 4,500க்கு உள்ளே இருக்கலாம். ட்ரெயிலர் தனியே உள்ளே இருக்கலாம். ரெண்டையும் கொழுவின நிமிசத்தில் இருந்து சட்டம் அதை ஒரே வண்டியாகத்தான் பார்க்கிறது. இன்ஸ்பெக்சனைப் பொறுத்தவரை அன்றைக்கு எவ்வளவு ஏற்றினாய் என்பது மட்டும் கணக்கில்லை. தகட்டில் அச்சடித்த நிறை கோட்டைத் தாண்டினாலே காணும். வெறும் ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு போனாலும் எனக்கு ரெண்டு ஸ்ரிக்கர் வேண்டும், பிக்கப்புக்கு ஒன்று, ட்ரெயிலருக்கு ஒன்று. ட்ரெயிலரை எனக்கு விற்ற ஆள் ரயரைத் தட்டிக் காட்டினார், பலகையைத் தட்டிக் காட்டினார், இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு முடிச்சும் இருந்தது. என்ர ஓனர்ஷிப்பில் பதிவு நிறை, அதாவது சுமையோடு சேர்த்து இவ்வளவுதான் என்று பதிந்த நிறை, 3,000 கிலோ. 2022 மார்ச்சில் இருந்து 3,000 கிலோ வரைக்கும் உள்ள வாகனங்களுக்கு நம்பர் பிளேற் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள் இல்லையா, அதனால் அந்த எண்ணில் நின்றால் லாபம் என்று நானே எனக்குக் கெட்டித்தனம் செய்து வைத்திருந்தேன். ஆனால் ட்ரெயிலரும் அதிலுள்ள சாமானும் 2,800 கிலோவைத் தாண்டினால் அந்த நிறையையும் பிக்கப்பின் பதிவு நிறைக்குள் சேர்க்க வேண்டும். அன்றைக்கு ட்ரெயிலர் 950, கல்லுப் பலெற் 1,350, மெஷின் 550, மற்றதெல்லாம் ஒரு நூறு. 2,950. பிக்கப்போடு சேர்த்தால் ஐயாயிரத்து நானூறுக்கு மேல். மூவாயிரத்துக்குப் பதிந்துவிட்டு ஐயாயிரத்துச் சொச்சம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். பதிவு நிறை 4,500ஐத் தாண்டினால் சீ.வி.ஓ.ஆர். கட்டாயம், அதற்கு முதல்தரம் 250 டொலர் கட்ட வேண்டும், ஒரு எழுத்துப் பரீட்சையும் பாஸ் பண்ண வேண்டும். சாரதி லைசென்ஸ் விசயத்தில் மட்டும் நான் தப்பினேன். ஜீ என்கிற சாதாரணக் கார் லைசென்ஸ் உள்ளவர் மொத்தம் 11,000 கிலோ வரைக்கும் ஓட்டலாம், இழுக்கிறது 4,600க்குள் இருந்தால் சரி.

பிறகு ஒபிசர் ட்ரெயிலரைப் பார்க்கத் தொடங்கினார். நாக்கில் இருக்கிற பாதுகாப்புச் சுவிச்சின் ஊசியைப் பிடுங்கினார். ட்ரெயிலர் கழன்று ஓடினால் அந்த ஊசி பிடுங்குப்பட்டு, அங்கே இருக்கிற சின்னப் பற்றரியில் இருந்து பிறேக்குக்கு கரண்ட் போய்ச் சில்லுகளை இறுக்க வேண்டும். ஊசியைப் பிடுங்கியபிறகு என்னை மெதுவாக முன்னுக்கு எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ட்ரெயிலர் பூனைக்குட்டி மாதிரி பின்னால் வந்தது. வந்திருக்கக் கூடாது.

அதோடு ட்ரெயிலர் அந்த இடத்தை விட்டு ஓடி வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிளாற்பெட் கூப்பிட்டு ஏற்றினேன், 420 டொலர். ரிக்கற்றுகளின் தொகையை இங்கே எழுதவில்லை, மனைவியும் இதை வாசிப்பா.

அன்று பின்னேரமே தெரிந்தவர்கள் ரெண்டு மூன்று பேருக்குப் போன் அடித்தேன். ஒருவர், "தம்பி, நீர் ட்ரெயிலரைக் கொண்டு வரத் தேவையில்லை, பேப்பரை மட்டும் கொண்டு வாரும், ஸ்ரிக்கர் எடுத்துத் தரலாம்" என்றார். முந்தி அப்படி நடந்ததோ தெரியாது. இப்போது டிரைவ்ஒன் என்ற புது முறையில் மெக்கானிக் ரப்லெற்றில் ஒவ்வொரு பகுதியாகப் படம் எடுத்து ஏற்ற வேண்டும், அதனால் முழுப் பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம். ஆனால் நான் வேண்டாம் என்றதற்கு நேர்மை காரணம் இல்லை. ஊசியைப் பிடுங்கின பிறகும் அந்தப் பெட்டி உருண்டு வந்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. மூன்று வருசமாக ஹைவே 401இல் அதை இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். சில நாள் பின்சீற்றில் மகனும்.

கடைசியில் போனது ஸ்காபரோவில் ஒரு அண்ணையின் கராஜுக்கு. கதை குறைவு, கை சுத்தம். ட்ரெயிலரின் ஒரு பக்கத்தை ஜாக்கில் தூக்கி, சில்லைக் கையால் சுழற்றிவிட்டு, என்னைப் பிக்கப்பில் இருந்து பிறேக் கொன்ற்றோலரை அமத்தச் சொன்னார். அமத்தினேன். சில்லு தன்பாட்டில் சுத்திக்கொண்டு நின்றது. அடுத்தது, அதுவும் சுத்தியது. மற்றப் பக்கம் முன் சில்லு, அதுவும் அப்படித்தான். நாலாவது சில்லு மட்டும் 'டக்' என்று நின்றது.

"நாலில ஒண்டுதான் பிடிக்குது. அதுவும் வலப்பக்கம். சடனா அடிச்சா உம்மை வலப்பக்கமா இழுத்துக்கொண்டு போயிருக்குமே?"

இழுத்தது உண்மைதான். நான் அதை றோட்டின் சரிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ட்ரெயிலர் பிறேக் எப்படி வேலை செய்கிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். ட்ரம்மைக் கழற்றினால் உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு மின்காந்தம். கரண்ட் வந்ததும் அது ட்ரம்மின் உள்முகத்தில் ஒட்டிப் பிடித்து, ட்ரம் சுத்துகிற வேகத்தில் ஒரு கையை இழுக்க, அந்தக் கை பிறேக் சூவை விரிக்கிறது. எண்ணெய் இல்லை, குழாய் இல்லை, கரண்ட் வராவிட்டால் ஒன்றுமே இல்லை. என்ர ட்ரெயிலரில் கரண்ட் வராததற்குக் காரணம் நானேதான். பனிக்காலத்தில் அதில்தான் உப்புப் பை ஏற்றி இறக்கினேன். வயர் இணைப்புகளுக்குக் கறுப்பு ரேப் சுற்றியிருந்தார்கள், ரேப்புக்குள் உப்புத்தண்ணி போய்ச் செம்பு பச்சை பிடித்துத் தூளாய்ப் போயிருந்தது. அண்ணை ஒரு துண்டை எடுத்து விரலால் நசித்துக் காட்டினார், சம்பல் மாதிரி உதிர்ந்தது. ஏர்த் வயரை வேறு துருப்பிடித்த சட்டத்தில் ஒரு ஆணியோடு பூட்டியிருந்தார்கள். இடது பிறேக் லைற் எரியாததும் அதனால்தான். பல்பை மாற்றிவிட்டு வந்திருந்தால் இன்னொரு மூன்று வருசம் அப்படியே ஓடியிருப்பேன்.

இன்ஸ்பெக்சனில் ரயரும் விழுந்தது. எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் பூ, அதாவது றோட்டில் படுகிற வெட்டு வரி, நல்ல உயரமாக இருந்தது. அண்ணை ரயரின் பக்கச் சுவரில் டி.ஓ.ரி. என்று தொடங்குகிற வரியின் கடைசி நாலு இலக்கத்தைக் காட்டினார். 2316. 2016ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. என்ர மகனைவிட ஒரு வயது கூட. ட்ரெயிலர் ரயர் ஓடித் தேய்கிறதைவிட நின்று பழுதாகிறதுதான் கூட, வெயிலில் நின்று நின்று பக்கச் சுவர் தலைமயிர் அளவில் வெடிக்கும். குனிந்து விரலால் விரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

கணக்கைக் கேட்கிறவர்களுக்காக பில்லைப் பார்த்தே எழுதுகிறேன். பிக்கப் இன்ஸ்பெக்சன் 190, ட்ரெயிலர் இன்ஸ்பெக்சன் 140. இந்தக் கூலியை அரசாங்கம் தீர்மானிப்பதில்லை, கராஜுக்குக் கராஜ் மாறும், அதனால் ரெண்டு இடம் கேட்டுப் பாருங்கள். நாலு சில்லுக்கும் பிறேக் முழு செற் 300. பழையதில் சூவையும் காந்தத்தையும் மட்டும் மாற்றுவதைவிட பின்தகட்டோடு புதுசு வாங்கிப் பூட்டுவது மலிவு என்று அண்ணை சொன்னார், சாமான் விலை பார்த்தேன், சரிதான். ரயர் நாலு, 480. பாதுகாப்புச் சுவிச்சும் பற்றரியும் 65. வயர், பெயரிங் சீல், கிறீஸ் எல்லாம் 160. அஞ்சரை மணித்தியால வேலை, 605. மொத்தம் 1,940, அதோடு 13 வீத வரி, 2,192 டொலர் இருபது சதம். அதில் இன்ஸ்பெக்சன் என்று போனது 330தான். இன்ஸ்பெக்சன் விலை கூட என்று புறுபுறுக்கிறவர்கள் பொதுவாக இந்தப் பில்லின் மிச்சப் பகுதியைத்தான் சொல்கிறார்கள்.

2025இல் அதே அண்ணையிடம் போனேன். ரெண்டுக்கும் விலை கொஞ்சம் ஏற்றியிருந்தார், 210உம் 150உம். ஒன்றும் விழவில்லை. வரியோடு 406 டொலர் எண்பது சதம். சில்லுக் கழற்றிப் பூட்டியிருப்பதால் எண்பது, நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு நட்டுகளைத் திரும்ப இறுக்கச் சொன்னார். அதற்காக ரோர்க் சாவி ஒன்று வாங்கி பிக்கப்பிலேயே போட்டிருக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு நாள் காலையும் பத்து நிமிசம் சுற்றிப் பார்க்கிறேன். கொக்கி பூட்டுப்பட்டிருக்கா, ரெண்டு சங்கிலியும் நாக்குக்குக் கீழே குறுக்காகப் போட்டிருக்கா, லைற், ரயர், சில்லு நட்டு, கட்டின கயிறு. பார்த்ததை எழுதிக் கையெழுத்து வைத்தால் அது 24 மணித்தியாலத்துக்குச் செல்லும், அந்தத் தாளை ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். முதல் கிழமை மனைவி ஜன்னலால் பார்த்துவிட்டு, "என்னப்பா, நல்லூரில பிரதட்டை பண்ணுற மாதிரிச் சுத்துறியள், விழுந்து கும்பிடவும் போறியளோ?" என்றா. ரயரைப் பார்க்க விழுந்துதான் பார்க்க வேண்டியிருக்கு.

எனக்கு இந்தச் சட்டத்தில் இன்னும் ஒரு மனத்தாங்கல் உண்டு. பக்கத்து வீட்டு அண்ணை என்னுடையதைவிடப் பெரிய பிக்கப் வைத்திருக்கிறார். கோடையில் அல்கொங்குயின் பக்கம் போகும்போது ஒரு வீடளவு கம்பர் ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு போவார். அவருக்குச் சீ.வி.ஓ.ஆரும் இல்லை, ஸ்ரிக்கரும் இல்லை, நாளாந்தத் தாளும் இல்லை. பிக்கப்பின் தகட்டு நிறை 6,000 கிலோவுக்குள், பின்பெட்டி கொம்பனி போட்டபடியே, சொந்தப் பாவனை, கூலி வாங்குவதில்லை, தொழில் சாமான் ஏற்றுவதில்லை என்றால் இதெல்லாவற்றில் இருந்தும் விலக்கு. நான் விடியக் கண் முழித்துத் தொழிலுக்குப் போகிறவன், நாள் முழுக்க றோட்டில் நிற்கிறவன், எனக்குக் கட்டுப்பாடு கூடத்தான் வேண்டும் என்று யோசித்தால் விளங்குது. ஆனால் வருசத்தில் ரெண்டு தரம் மட்டும் வெளியே வருகிற அந்தக் கம்பரின் ரயரை யார் குனிந்து பார்க்கிறார்கள்? நான் ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்தேன். 3114.

சொன்னேன். சிரித்தார். "பூ நல்லாத்தானே இருக்கு தம்பி" என்றார்.

போன சனிக்கிழமை வந்து கேட்கிறார், அவருடைய மருமகன் புல்லு வெட்டிக் காசு பார்க்கத் தொடங்கியிருக்கிறாராம், என்ர பழைய மெஷினை ஒரு மாதத்துக்குத் தாறியோ, தன்ர பிக்கப்பிலேயே ஒரு சின்ன ட்ரெயிலரைக் கொழுவி ஏற்றிக்கொண்டு போகிறாராம் என்று. மெஷின் தாறன் அண்ணை என்றேன். கதவைத் திறந்து தூணில் இருக்கிற தகட்டை முதல் வாசிச்சுப் போட்டு வாங்கோ, ட்ரெயிலரின்ர தகட்டையும் பாருங்கோ, ரெண்டையும் கூட்டிக்கொண்டு வாங்கோ என்றேன்.

இன்னும் வரவில்லை.